ஏமி வைன்ஹவுஸின் மறைவு: குரலையும் நோயையும் பற்றிப் பேசுவோம்

தாழ்சுருதி | 24 ஜூலை 2011

நேற்று, சனிக்கிழமை பிற்பகலில், வடக்கு லண்டனின் கேம்டன் சதுக்கத்திலுள்ள தமது வீட்டில் ஆங்கிலப் பாடகி ஏமி வைன்ஹவுஸ் இறந்து கிடந்தார் என்ற செய்தியை இதற்குள் எல்லோரும் அறிந்திருப்பீர்கள். வயது 27. காரணம் இன்னும் தெரியவில்லை; உடற்கூறாய்வு முடியும் வரை அதைப் பற்றி யாரும் ஊகிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் பேச விரும்புவது நாம் இழந்தது எதை என்பதைப் பற்றி. நேற்று மாலையிலிருந்து வரும் செய்திகளில் அவருடைய தள்ளாட்டத்தையும் கைதுகளையும் மணமுறிவையும் படிக்க முடிகிறது. அவர் பாடிய விதத்தைப் பற்றி ஒரு பத்தியைக்கூட என்னால் காண முடியவில்லை.

அவர் விட்டுச் சென்ற முழுமையான இசைத்தொகுப்புகள் இரண்டே இரண்டு: 2003-இல் வெளிவந்த ஃபிராங்க், 2006-இல் வெளிவந்த பேக் டு பிளாக். முதலாவது வந்தபோது அவருக்கு வயது 20. டைனா வாஷிங்டனையும் சாரா வானையும் கேட்டு வளர்ந்த பெண் என்பது அதன் முதல் பாட்டிலேயே தெரிந்துவிடும். தாளத்தின் மீது நேராக வந்து அமராமல் சற்றே பின்தங்கி நின்று, கேட்பவர் பொறுமை இழக்கவிருக்கும் கணத்தில் சொல்லை இறக்கி வைக்கும் அந்தப் பழைய ஜாஸ் பாடகிகளின் பழக்கம் அவரிடம் பயிற்சியால் வந்ததாகத் தோன்றவில்லை. பேச்சிலேயே ஊறியதாகத் தோன்றியது. பெண்களில் அரிதாக அமையும் கனத்த கீழ்க்குரல் அவருடையது. அந்தக் குரலில் அவர் காதலை அழகுபடுத்தவில்லை. துரோகத்தில் தமக்கும் பங்கு உண்டு என்று பாட்டிலேயே ஒப்புக்கொண்டார். தம்மை நல்லவளாகக் காட்டிக்கொள்ள ஓர் அடியைக்கூட அவர் எழுதவில்லை என்பதே என்னை அவரிடம் கட்டிப்போட்டது.

இரண்டாவது தொகுப்பில் மார்க் ரான்சனும் சலாம் ரெமியும் தயாரிப்பைப் பகிர்ந்துகொண்டார்கள். புரூக்ளினைச் சேர்ந்த டாப்-கிங்ஸ் குழு பல பாடல்களுக்கு வாசித்தது. 1960-களின் பெண் பாடகர் குழுக்களான ரொனெட்ஸ், ஷாங்ரி-லாஸ் ஆகியோரின் ஒலியைத் திரும்பக் கொண்டுவந்த அந்தத் தொகுப்பைப் பழமையின் நகல் என்று சிலர் அன்றே ஒதுக்கினார்கள். அந்தக் குழுக்களின் பாடல்களில் பெண் காத்திருப்பாள், அழுவாள். ஏமியின் பாடல்களில் வரும் பெண் குடிப்பாள், பொய் சொல்வாள், கைவிடப்பட்ட பிறகும் தன்னிடமே கணக்குக் கேட்பாள். பழைய இசையின் மேல் அதுவரை அங்கே இடம்பெறாத ஒரு பெண்ணை அவர் நிறுத்தினார்.

உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள். அவரைப் பழிப்பவர்களும் எழுதலாம். காரணத்தோடு எழுதுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

---

பின்னிரவு | 24 ஜூலை 2011

காரணத்தோடு எழுதலாம் என்று தாழ்சுருதி சொல்லியிருப்பதால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நார்வேயில் ஏராளமானோர் கொல்லப்பட்டதாகச் செய்திகள் சொல்கின்றன. உட்டோயா தீவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் கோடைகால முகாமுக்குச் சென்ற இளம்பிள்ளைகள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் தெற்குச் சோமாலியாவின் இரு பகுதிகளில் பஞ்சம் நிலவுவதாக ஐ.நா. அறிவித்தது. அந்தப் பிள்ளைகள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. இந்தப் பாடகிக்குப் பணம் இருந்தது, புகழ் இருந்தது, சிகிச்சைக்குச் செல்லும் வசதி இருந்தது. சிகிச்சைக்குப் போக மாட்டேன் என்பதையே பாட்டாகப் பாடி, அதற்காக உலகின் உயர்ந்த விருதையும் வாங்கினார். அவருடைய திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் தெரிந்தே நடந்த ஒரு பாதையின் முடிவை எதிர்பாராத பேரிழப்பு என்று சொல்லுவது, உண்மையிலேயே எதிர்பாராமல் மாண்டவர்களுக்குச் செய்யும் அவமரியாதையாக எனக்குப் படுகிறது.

---

செவிலி | 25 ஜூலை 2011

பின்னிரவு அவர்களுக்கு,

நான் மது, போதை அடிமைநிலைக்குச் சிகிச்சை அளிக்கும் பிரிவில் செவிலியாகப் பணிபுரிகிறேன். உங்கள் கேள்வியை நோயாளிகளின் குடும்பத்தார் வாயிலாகப் பலமுறை கேட்டிருக்கிறேன் என்பதால் அதில் கோபப்பட எனக்கு எதுவும் இல்லை. அந்தக் கேள்விக்குள் பெரும்பாலும் ஒரு தாயோ கணவனோ களைத்துப்போய் நிற்பார்கள்.

துக்கம் என்பது பங்கிட்டால் தீர்ந்துவிடும் பொருள் அன்று. நார்வேப் பிள்ளைகளுக்காக அழுதவர் ஏமிக்காக அழுதால் முன்னதில் ஏதும் குறைந்துவிடாது. ஒருவருடைய பாட்டோடு ஐந்தாண்டு வாழ்ந்தவருக்கு அந்த மரணம் அறிமுகமானவரின் மரணமாகவே வந்து சேரும். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘தெரிந்தே நடந்த பாதை’ என்கிறீர்கள். முதல் குவளையை ஒருவர் தேர்ந்தெடுக்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆண்டுக்கணக்கில் குடித்தபின் மூளை மதுவைச் சுற்றியே தன்னைச் சரிசெய்துகொண்டுவிடுகிறது. அதன் பிறகு மதுவைத் திடீரென்று நிறுத்தினால் கைகள் நடுங்கும், தூக்கம் போகும், சிலருக்கு வலிப்பு வரும், இல்லாதவை கண்ணுக்குத் தெரியும் பிதற்றல் நிலை வரும். இது உயிரையே பறிக்கக்கூடியது. ஹெராயினை நிறுத்தும்போது படும் துன்பம் கொடியது என்றாலும் அதனால் நேரடியாக உயிர் போவது அரிது. மதுவை நிறுத்துவதுதான் அந்த வகையில் அதிக ஆபத்தானது. இதைப் படித்தவர்கள்கூட அறிந்திருப்பதில்லை. நிறுத்தவும் பயம், தொடரவும் பயம் என்ற நிலையில் உள்ள ஒருவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்று நாம் வெளியிலிருந்து சொல்வது எளிது.

அந்தப் பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரீஹேப் பாடலில் சிகிச்சைக்கு மறுக்கும் பெண் ஒரு வீராங்கனையாக எனக்கு ஒருபோதும் கேட்டதில்லை. தனக்கு நேரமில்லை, தந்தை தன்னை நலமாகவே எண்ணுகிறார், பிரிவுத்துயர்தான் காரணம் என்று அவள் அடுக்கும் சமாதானங்கள் அத்தனையும் எங்கள் பிரிவில் வாரந்தோறும் கேட்பவை. அவர் நோயின் பேச்சைத் துல்லியமாகப் பதிவு செய்தார். அதற்கு உலகம் கைதட்டி ஆடியது. ஆடியதில் குற்றம் இல்லை. அதன் இசை அப்படிப்பட்டது. ஆனால் அந்தப் பாட்டையே அவருக்கு எதிரான வாக்குமூலமாக இப்போது நீட்டுவது நியாயம் அன்று.

---

இசைத்தட்டு | 25 ஜூலை 2011

நேற்று முதல் ‘27-ஆம் வயதுக் கழகம்’ என்ற பேச்சு எங்கும் பரவிக்கிடக்கிறது. 1969-இல் பிரையன் ஜோன்ஸ், 1970-இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் ஜானிஸ் ஜாப்ளினும், 1971-இல் ஜிம் மாரிசன், 1994-இல் கர்ட் கோபேன், இப்போது ஏமி என்று 27 வயதில் இறந்த இசைக்கலைஞர்களை வரிசைப்படுத்தி, மேதைகளை அந்த வயது அழைத்துக்கொள்கிறது என்பதுபோல் எழுதுகிறார்கள். இது என்னைக் கடுமையாகப் புண்படுத்துகிறது. நீச்சல்குளத்தில் மூழ்கியவரும், தூக்க மாத்திரையால் மூச்சடைத்தவரும், தன்னைத்தானே சுட்டுக்கொண்டவரும் ஒரே கழகத்தின் உறுப்பினர்கள் அல்லர். அவர்களுடைய நோய்கள் வேறு, காலங்கள் வேறு. ஓர் எண்ணை மந்திரமாக்கிவிட்டால், அந்த மரணங்களில் எதைத் தடுத்திருக்கலாம் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்த எண்ணின் வசதியே அதுதான்.

பின்னிரவு குறிப்பிட்ட விருதைப் பற்றி: 2008 பிப்ரவரியில் அவருக்கு ஒரே இரவில் ஐந்து கிராமி விருதுகள் கிடைத்தன. ஆண்டின் சிறந்த பதிவு, ஆண்டின் சிறந்த பாடல், சிறந்த புதுமுகம் ஆகியவை அவற்றில் அடங்கும். அமெரிக்க விசா காலத்தே கிடைக்காததால் அவர் லாஸ் ஏஞ்சலீஸ் செல்லவில்லை. லண்டனிலிருந்து செயற்கைக்கோள் வழியாகப் பாடினார். அறிவிப்பு வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். யாரோ வேறொருவரைப் பற்றிய செய்தி கேட்டதுபோல் திகைத்து நின்று, பிறகு தாயைக் கட்டிக்கொண்டார். தம் நோயை விற்றுப் பரிசு வாங்கியவருடைய முகம் அல்ல அது.

---

தாழ்சுருதி | 27 ஜூலை 2011

நேற்று இறுதிச்சடங்கு முடிந்தது. திங்களன்று நடந்த உடற்கூறாய்வில் காரணம் தெளிவாகவில்லை; நச்சுப்பொருள் ஆய்வின் முடிவு வரச் சில வாரங்கள் ஆகும் என்கிறார்கள்.

இந்த இடைவெளியில் நாம் பேச வேண்டிய இன்னொன்று உண்டு. ஜூன் 18 அன்று பெல்கிரேடில் கலேமெக்தான் கோட்டைப் பூங்காவில் நடந்த நிகழ்ச்சியின் காணொளியை உலகமே பார்த்தது. மேடையில் அவருக்குப் பாடல் வரிகள் நினைவில்லை, நிற்கவே தடுமாறினார், கூட்டம் கூச்சலிட்டது. அதன்பின் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின் எஞ்சிய நிகழ்ச்சிகள் அனைத்தும் ரத்து செய்யப்பட்டன. பணம் கொடுத்து வந்த கூட்டத்தின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. அந்த நிலையில் உள்ள ஒருவர் எப்படி விமானத்தில் ஏற்றப்பட்டார், எப்படி மேடைக்கு அனுப்பப்பட்டார் என்பது புரியவில்லை. ஒரு மனிதரின் உடல்நிலை அவருடைய சுற்றுப்பயணத்தின் வருமானத்தோடு மோதும்போது, வருமானத்தால் பயன்பெறாத ஒருவராவது அருகில் இருந்து ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் பெற்றிருக்க வேண்டும் அல்லவா?

பத்திரிகைகளின் பங்கையும் சொல்லியாக வேண்டும். வீட்டு வாசலிலேயே குடியிருந்த புகைப்படக்காரர்களுக்கு எதிராக 2009-இல் அவர் லண்டன் உயர் நீதிமன்றத்தை நாடித் தடை உத்தரவு பெற்றார். காலணி இல்லாமல் நள்ளிரவில் தெருவில் நின்ற படம், கண்மை வழிந்த படம், காயத்தோடு நடந்த படம் என்று ஒவ்வொன்றும் விலைக்குப் போனது. அவர் எவ்வளவு மோசமாகத் தோன்றினாரோ அவ்வளவு விலை. நலமாக, முகம் கழுவி, கடைக்குப் போய் வந்த ஏமியின் படத்தை வாங்க ஆள் இல்லை. அந்தப் படங்களைப் பார்த்தவர்களில் நானும் இருக்கிறேன், நீங்களும் இருக்கிறீர்கள்.

---

செவிலி | 27 அக்டோபர் 2011

மூன்று மாதங்களுக்குப் பிறகு இந்த இழைக்குத் திரும்புகிறேன். நேற்று மரண விசாரணையின் முடிவு வெளியானது.

அவருடைய இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 416 மில்லிகிராம் மது இருந்தது. அவர் இறந்தபோது பிரிட்டனில் வாகனம் ஓட்டச் சட்டம் அனுமதித்த உச்ச அளவு 80. 350-ஐத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து என்று உடற்கூறாய்வு மருத்துவர் சாட்சியம் அளித்திருக்கிறார். தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் எதுவும் உடலில் இல்லை. இதை அவர் குடும்பத்தார் ஆகஸ்டிலேயே தெரிவித்திருந்தார்கள். அவ்வளவு மது மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியை மந்தமாக்கும். தூங்கும் நிலையில் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றிருக்கும். விபத்தாக நேர்ந்த மரணம் என்பது தீர்ப்பு.

ஜூலை மாதத்தில் அவர் சில வாரங்கள் மதுவைத் தொடாமல் இருந்திருக்கிறார் என்பதும், இறப்பதற்குச் சில நாட்கள் முன்புதான் மீண்டும் தொடங்கினார் என்பதும் விசாரணையில் வெளிவந்திருக்கின்றன. செய்திகளில் ஒரு வரியாக வந்துபோகும் இந்த விவரம்தான் எங்கள் துறையில் உள்ளவர்களை உறைய வைப்பது. தொடர்ந்து குடிப்பவரின் உடல் அந்த அளவுக்குப் பழகியிருக்கும். சில வாரங்கள் விட்டிருந்தால் அந்தப் பழக்கம் இறங்கிவிடும். மனம் மட்டும் பழைய அளவையே நினைவில் வைத்திருக்கும். பழைய அளவுக்கே திரும்பும் ஒருவருக்கு அது இப்போது புதிய உடல். அடிமைநிலையில் உள்ளவர்களில் பலர் இறப்பது மீளும் முயற்சியைக் கைவிட்ட காலத்தில் அல்ல, முயன்றுகொண்டிருந்த காலத்தில் என்று நான் சொன்னால் மிகை என்று எண்ணாதீர்கள். விடுவதற்குப் பாடுபட்டது அவருடைய உடலைக் காப்பாற்றவும் செய்தது, இந்த ஆபத்துக்கு நேரே கொண்டுபோயும் நிறுத்தியது.

முந்தைய மாலை அவரைப் பார்த்த மருத்துவர், அவர் சாக விரும்பவில்லை என்று சொன்னதாக விசாரணையில் தெரிவித்திருக்கிறார். அன்றிரவு அறையில் தம் பழைய நிகழ்ச்சிகளின் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். காலை 10 மணிக்கு எட்டிப் பார்த்த பாதுகாவலர் அவர் தூங்குவதாக எண்ணினார். பிற்பகல் 3 மணியளவில்தான் மூச்சில்லை என்று தெரிந்தது. அளவுக்கு மீறிக் குடித்து ஆழ்ந்து உறங்கும் ஒருவரைத் தூங்கட்டும் என்று விட்டுவிடுவது எல்லா வீடுகளிலும் நடப்பது. தயவுசெய்து அப்படி விடாதீர்கள். எழுப்பிப் பாருங்கள், எழவில்லை என்றால், மூச்சு ஒழுங்கில்லாமல் வந்தால், தோல் குளிர்ந்து வெளிறியிருந்தால் உடனே அவசர உதவியை அழையுங்கள், வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து அருகிலேயே இருங்கள். அந்தப் பாதுகாவலரை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு அதைத் தெரிந்துகொள்ள வழி இருந்திருக்காது.

---

பின்னிரவு | 28 அக்டோபர் 2011

செவிலி அவர்களின் பதிவை முழுமையாகப் படித்தேன். மருத்துவ விவரங்களில் எனக்கு மறுப்பு இல்லை. என் கேள்வி இப்போது வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது.

அவருடைய குடும்பத்துக்குத் தெரியும், மருத்துவருக்குத் தெரியும், உடனிருந்தவர்களுக்குத் தெரியும். உயிர் போகும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு நோயில், நோயாளி மறுத்தார் என்பதற்காக எல்லோரும் விலகி நிற்க வேண்டுமா? மனநோய் முற்றியவரைச் சட்டத்தின் துணையோடு மருத்துவமனையில் சேர்க்க முடிகிறது. இவரை ஏன் சேர்க்க முடியவில்லை? நோய் என்று நீங்கள் சொல்வது உண்மையானால், நோயாகவே நடத்தியிருக்க வேண்டும்.

---

செவிலி | 29 அக்டோபர் 2011

இது நல்ல கேள்வி. எங்களுக்குள்ளேயே ஒருமித்த விடை இல்லாத கேள்வியும்கூட.

இங்கிலாந்தின் 1983-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி, மதுவையோ போதைப்பொருளையோ சார்ந்திருப்பது மட்டுமே ஒருவரைக் கட்டாயமாகச் சேர்ப்பதற்குரிய மனக்கோளாறு ஆகாது. அதோடு வேறொரு கடுமையான மனநோயும் சேர்ந்திருந்தால் நிலைமை மாறும். இல்லாதவரை, சுயநினைவோடு பேசி, தம் நிலையைப் புரிந்துகொண்டு, வேண்டாம் என்று சொல்லும் வயதுவந்த ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பூட்டி வைக்க முடியாது. இந்த எல்லையை நான் ஆதரிக்கிறேன். குடிப்பவர்களை அடைத்து வைத்த காலங்களின் வரலாறு அழகானது அல்ல. கட்டாயத்தில் வந்தவர் வெளியேறிய நாளிலேயே குடிப்பதையும், நான் சற்றுமுன் சொன்ன அந்தப் பழக்கம் இறங்கிய உடலோடு குடிப்பதையும் பார்த்தவள் நான்.

ஆனால் கட்டாயப்படுத்துவதற்கும் விலகி நிற்பதற்கும் நடுவே பெரிய வெளி இருக்கிறது. வேலையை நிறுத்திவைக்கலாம். பயணங்களை ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம். நோயாளி மறுத்த பிறகும் அடுத்த வாரம் மீண்டும் கேட்கலாம்; பத்துமுறை மறுத்தவர் பதினோராவது முறை ஒப்புக்கொண்டதுண்டு. பணம் உள்ளவருக்கு இந்த வெளி அகலமாக இருக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். நான் கண்டவரை அது குறுகலாகவே இருக்கிறது, ஏனென்றால் சுற்றியுள்ள எல்லோரும் அவரிடம் சம்பளம் வாங்குகிறார்கள்.

---

இசைத்தட்டு | 23 டிசம்பர் 2011

இரண்டு செய்திகள்.

பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்த வாரம் வந்த ஆய்வு, அந்த 27 என்ற எண்ணை எடுத்துச் சோதித்திருக்கிறது. 1956 முதல் 2007 வரை பிரிட்டனில் முதலிடம் பிடித்த இசைத்தொகுப்புகளைத் தந்த 1,046 கலைஞர்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 71 பேர் இறந்திருந்தார்கள். 27-ஆம் வயதில் மரணங்கள் குவியவில்லை. ஆனால் இருபதுகளிலும் முப்பதுகளிலும் புகழ்பெற்ற கலைஞர்கள் இறக்கும் வாய்ப்பு, அதே வயதுப் பொதுமக்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. மந்திர எண் போய்விட்டது. இருபது ஆண்டுகளுக்கு நீளும் தொழில் ஆபத்து ஒன்று அந்த இடத்தில் நிற்கிறது. கட்டடத் தொழிலிலோ சுரங்கத்திலோ இப்படி ஓர் எண் வந்திருந்தால் விசாரணைக் குழு அமைத்திருப்பார்கள்.

அடுத்தது, இம்மாதம் வெளிவந்த லயனஸ்: ஹிடன் டிரெஷர்ஸ் தொகுப்பு. சலாம் ரெமியும் மார்க் ரான்சனும் எஞ்சிய பதிவுகளைத் திரட்டியிருக்கிறார்கள். கலவையான மனத்தோடு கேட்டேன். 2002-இல், 18 வயதில், அவர் பாடிய தி கேர்ள் ஃபிரம் இபனீமா இதில் இருக்கிறது. எல்லோரும் அறிந்த மெட்டில் தயக்கமே இல்லாமல் விளையாடும் சிறுமியின் குரல். டியர்ஸ் டிரை ஆன் தெயர் ஓன் பாட்டின் மூல வடிவமும் இருக்கிறது. நாம் அறிந்த வடிவம், மார்வின் கேயும் டாமி டெரலும் பாடிய பழைய பாட்டின் (அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனம் வெளியிட்டது) இசைக்கோர்வையின் மேல் துள்ளி ஓடுவது. மூலமோ மெதுவான, ஆறுதல் இல்லாத பாட்டு. வேகத்தை மாற்றியதால் துயரம் குறையவில்லை, நடக்கக் கற்றுக்கொண்டது என்பது இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோது விளங்கியது. இப்படி ஒரு பாட்டின் உருவாக்கத்தைக் காட்டுவதானால் பழைய பதிவுகளை வெளியிடுவதை வரவேற்பேன்.

லைக் ஸ்மோக் பாட்டில் எனக்கு உடன்பாடில்லை. அவர் முடிக்காமல் விட்ட சிறு பகுதியைச் சுற்றி ராப் பாடகர் நாஸின் வரிகளை இட்டு நிரப்பி முழுப் பாட்டாக்கியிருக்கிறார்கள். இருவரும் நண்பர்கள், நாஸ் அன்போடுதான் பாடியிருக்கிறார். ஆனாலும் தம் பாட்டில் ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுக்காத ஒருவர் முடிவு செய்யாத பாட்டு அது.

அவர் கடைசியாக ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியது, மார்ச் மாதம் லண்டனின் ஆபி ரோடில் மூத்த அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட்டுடன் பாடிய ‘பாடி அண்ட் சோல்’. பென்னட்டுக்கு அப்போது 84 வயது. அதைக் கேளுங்கள். நோய் முற்றியிருந்த காலத்திலும் அந்தச் செவி மங்கவில்லை.

---

செவிலி | 30 ஜூன் 2013

பதிவுக்காக இரண்டு விவரங்களைச் சேர்க்கிறேன். முதல் விசாரணையை நடத்திய அதிகாரிக்கு அந்தப் பதவிக்குரிய தகுதிக்காலம் நிறைவாகவில்லை என்று தெரியவந்ததால், இவ்வாண்டு ஜனவரியில் மறுவிசாரணை நடந்தது. முடிவு மாறவில்லை.

இம்மாதம் அவருடைய அண்ணன் ஒரு பேட்டியில், பதின்வயதிலிருந்தே தங்கைக்கு இருந்த புலிமியா நோயே அவரை உள்ளிருந்து பலவீனமாக்கியது என்று கூறியிருக்கிறார். உண்டதை வலிந்து வெளியேற்றும் இந்த நோய் உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும், இதயத் துடிப்பைக் குலைக்கும். அவர் மெலிந்துகொண்டே போனதைப் போதையின் அடையாளமாக மட்டுமே படங்கள் காட்டின. பத்தாண்டு கண்ணெதிரே இருந்த ஒரு நோயை யாரும் பெயர் சொல்லிப் பேசவில்லை. மதுவையும் போதையையும்விட அதில் பரபரப்புக் குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

---

தாழ்சுருதி | 9 ஆகஸ்ட் 2015

ஆசிஃப் கபாடியா இயக்கிய ஏமி ஆவணப்படத்தைப் பார்த்தேன். ஏமியின் தந்தை இப்படத்தைத் தவறாக வழிநடத்துவது என்று வெளிப்படையாக எதிர்த்திருக்கிறார். குடும்பத்துக்குள் நடந்தவற்றில் யார் பக்கம் உண்மை என்று தீர்ப்பளிக்க நமக்கு உரிமை இல்லை என்பது என் நிலை. ஆனால் அவருடைய பாடல் வரிகளைத் திரையில் எழுத்தாகக் காட்டிய முடிவு இயக்குநருக்குப் பெருமை சேர்ப்பது. செய்தியாளர்கள் ஆண்டுக்கணக்கில் துருவித் துருவித் தேடியதை எல்லாம் அவரே முன்கூட்டி, யாரும் கேட்காமலே எழுதிவைத்திருக்கிறார். இசையை நீக்கிவிட்டுக் குரலை மட்டும் தனித்து ஒலிக்கவிடும் ஒரு காட்சியும் உண்டு. அதில் அவர் மூச்சு எடுக்கும் இடங்கள்கூடத் தாளத்தில் விழுகின்றன.

ஒரு குறை உண்டு. புகைப்படக்காரர்களைக் கண்டிக்கும் படம், அவர்கள் எடுத்த படங்களையே நீண்ட நேரம் காட்டுகிறது. ஒளிவெட்டுகள் கண்ணைக் கூசும்போது அவர் பட்ட பாடு நமக்குப் புரிகிறது என்று வாதிடலாம். எனக்கு அந்த இடங்களில் முகத்தைத் திருப்பிக்கொள்ளவே தோன்றியது.

இவ்வாண்டு வந்த இன்னொரு செய்தி: மூன்றாவது தொகுப்புக்காக அவர் பதிவு செய்திருந்த முடிவுறாத மாதிரிகளை யாரும் எடுத்து ஒட்டுப்போட்டு வெளியிடக் கூடாது என்பதற்காக அழித்துவிட்டதாக யுனிவர்சல் நிறுவனத்தின் பிரிட்டன் தலைவர் டேவிட் ஜோசஃப் தெரிவித்திருக்கிறார். இசைத்தட்டு, லைக் ஸ்மோக் பற்றி நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்தது. உங்கள் கருத்து என்ன?

---

பின்னிரவு | 10 ஆகஸ்ட் 2015

அழித்தது தவறு என்பது என் கருத்து. வெளியிடாமல் இருப்பது வேறு, இல்லாமல் ஆக்குவது வேறு. ஐம்பது ஆண்டுக்குப் பின் ஓர் ஆய்வாளர் அவர் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தார் என்று அறிய விரும்பினால் என்ன செய்வார்? பூட்டி வைத்திருக்கலாம்.

படத்தைப் பார்த்தபின் அவருடைய இசையை முறையாகக் கேட்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று இங்கே உள்ளவர்கள் சொன்னால் நன்றி உடையவனாவேன்.

---

இசைத்தட்டு | 11 ஆகஸ்ட் 2015

பின்னிரவு அவர்களே, பூட்டுகள் திறக்கப்படும். உரிமையாளர் மாறுவார், நிறுவனம் கைமாறும், ஒரு கணக்காளர் அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பார். இறந்த கலைஞர்களின் அரைகுறைப் பதிவுகளுக்கு இதுவரை நேர்ந்தது அதுதான். ஆய்வாளருக்கு ஏற்படும் இழப்பை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த விலை கொடுத்தாவது இந்த ஒரு விஷயத்தில் அவருடைய முடிவே கடைசி முடிவாக இருக்கட்டும் என்று விரும்புகிறேன். வாழும்போது அவர் உடலைப் பற்றியும் பயணங்களைப் பற்றியும் முகத்தைப் பற்றியும் முடிவு செய்ய ஏராளமானோர் இருந்தார்கள். எந்தப் பாட்டு முடிந்தது, எது முடியவில்லை என்பதை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.

கேட்பதற்கு: பேக் டு பிளாக்கில் தொடங்காதீர்கள். அதன் பாடல்களை எங்காவது கேட்டே இருப்பீர்கள்; அந்தப் பழக்கம் காதை மூடிவிடும். ஃபிராங்க் தொகுப்பை முதலிலிருந்து முடிவுவரை, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பிறகு 2006 டிசம்பரில் அயர்லாந்தின் டிங்கிள் ஊரில், ஒரு சிறிய தேவாலயத்தில் அவர் பாடிய நிகழ்ச்சியைப் பாருங்கள். டாப்-கிங்ஸ் இல்லை, ஊதுகுழல்கள் இல்லை. ஒரு பேஸ் கிதார், ஒரு கிதார், அவர் குரல். இரண்டாவது தொகுப்பின் பாடல்களே அவை. ஆனால் அலங்காரம் எதுவும் இல்லாததால், ஒவ்வொரு முறையும் ஒரே வரியை அவர் வேறு இடத்தில் தொடங்குவதும் வேறு இடத்தில் இறக்குவதும் தெளிவாகக் கேட்கும். நிகழ்ச்சியோடு வரும் நேர்காணலில் தமக்குப் பிடித்த பாடகர்களைப் பற்றி அவர் பேசுகிறார்: மஹாலியா ஜாக்சன், சாரா வான், ரே சார்ல்ஸ், ஷாங்ரி-லாஸ். அவர்கள் ஒவ்வொருவரையும் தேடிக் கேட்டுவிட்டுப் பேக் டு பிளாக்கிற்கு வாருங்கள். கேட்டபின் என்ன தோன்றியது என்று எழுதுங்கள். லவ் இஸ் எ லூசிங் கேம் பாட்டைப் பற்றி உங்களுடன் விவாதிக்க எனக்கு நிறைய இருக்கிறது.